சேவைச் சான்றிதழ் இருந்தால் டாக்டர் சீட் கிடைக்குமா? எங்கே, யார், எப்படிச் சரிபார்க்கிறார்கள்?

உங்கள் வீட்டு அலமாரியிலும் அந்த பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும். கராத்தே பெல்ட், அபாகஸ், ஸ்கூல் பேச்சுப்போட்டி, மரக்கன்று நட்டதற்கு ஒன்று, கண் சிகிச்சை முகாமில் தன்னார்வலராக இருந்ததற்கு ஒன்று. "எல்லாத்தையும் பத்திரமா வெச்சுக்க கண்ணு, நாளைக்கு மெடிக்கல் சீட்டுக்கு ஆகும்" என்று பாட்டி சொல்லியிருப்பார். இப்போது போதாக்குறைக்கு, 'நூறு மணி நேர சேவைக்கு உடனடிச் சான்றிதழ்' என்கிற மாதிரி விளம்பரங்கள்கூட உங்கள் மொபைலுக்கு வந்திருக்கலாம். காசு கொடுப்பதற்கு முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

முதலில் நம்மூர் நிலவரம். கோவை அரசு மருத்துவக் கல்லூரியோ, பெருந்துறையோ, திருப்பூரோ, நாமக்கல்லோ... எம்.பி.பி.எஸ் சீட்டுக்கு அந்த ஃபைலில் இருக்கும் சேவைச் சான்றிதழ்களின் மதிப்பு பூஜ்ஜியம். நீட் மதிப்பெண், இட ஒதுக்கீடு, இருப்பிடம், இவ்வளவுதான் கணக்கு. என்.எஸ்.எஸ், என்.சி.சி-க்குக்கூட தனி மார்க் கிடையாது. ராசிபுரம், நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் விட்டுப் படிக்கவைக்கிறவர்களுக்கு இது தெரியும். அந்தப் பிள்ளைகளுக்குத் தூங்கவே நேரமில்லை, முகாமுக்கு எங்கே போவது?

ஒரே விதிவிலக்கு, விளையாட்டு. அதற்கென்று மாநிலத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில இடங்கள்தான். அங்கே மெடல் எவ்வளவு பெரியது என்று யாரும் பார்ப்பதில்லை. அது எந்த நிலைப் போட்டி, நடத்திய அமைப்புக்கு அங்கீகாரம் உண்டா, மாநிலத்தின் சார்பிலோ நாட்டின் சார்பிலோ ஆடினாரா என்றுதான் பார்ப்பார்கள். அப்பார்ட்மென்ட் கிளப் கோப்பையெல்லாம் அங்கே நிற்காது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவிகித ஒதுக்கீட்டிலும் இதே முறைதான். 2020-ல் சட்டமாகி, அந்த ஆண்டு சேர்க்கையிலேயே நடைமுறைக்கு வந்தது. 6-ம் வகுப்பு முதல் 12 வரை எங்கெங்கே படித்தார் என்பதற்குப் பள்ளிகளிடமிருந்தே சான்று வாங்க வேண்டும். அதாவது, சரிபார்ப்பவர் உங்கள் கையிலிருக்கும் காகிதத்தை நம்பவில்லை. அதைக் கொடுத்தவரை நம்புகிறார்.

ஒரு காலத்தில் 75 மார்க்!

எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதுதான் சுவாரஸ்யம். 1970-ல் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ் சேர வேண்டுமென்றால் மொத்தம் 275 மார்க். அதில் 75 இன்டர்வியூவுக்கு. எதற்காக அந்த 75? விளையாட்டு அல்லது என்.சி.சி, பாடத்துக்கு வெளியே செய்த சிறப்புச் சேவைகள், உடல்நிலையும் தாங்கும் சக்தியும், பொதுத் திறமை, மருத்துவத்துக்கான நாட்டம் என்று ஐந்து தலைப்புகள். உங்கள் ஃபைல் அந்தக் காலத்தில் இருந்திருந்தால் தங்கம்!

அந்த ஆண்டே விவகாரம் உச்ச நீதிமன்றம் போனது. பெரியகருப்பன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில் செப்டம்பர் 1970-ல் தீர்ப்பு. கல்லூரிகளைத் தனித்தனி யூனிட்டாகப் பிரித்து, யூனிட்டுக்கு ஒரு தேர்வுக் குழு வைத்ததையே நீதிமன்றம் ஏற்கவில்லை. ஐந்து தலைப்புக்கும் தனித்தனியாக மார்க் போடாமல் மொத்தமாக ஒரு எண்ணைப் போட்டதையும் குறை சொன்னது. 275-ல் 75 என்பதே பார்த்தவுடன் அதிகமாகத் தெரிகிறது என்றும் சொன்னது.

யோசித்துப் பாருங்கள். கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு பையன் 'எங்கள் ஊர் காலரா தடுப்பு வேலையில் உதவினேன்' என்று எழுதிக் கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். சில நிமிட நேர்காணலில் அதை எப்படிச் சோதிப்பது? ஊர்ப் பெரியவரின் லெட்டர் பேடுதான் ஆதாரம். லெட்டர் பேடு யாருக்குச் சுலபமாகக் கிடைக்கும் என்பது உங்களுக்கே தெரியும். பண்ணையத்துக்குக் கூலிக்குப் போகிறவரின் மகன் ராத்திரியெல்லாம் ஓடி உதவியிருந்தாலும், அதை எழுதித்தர ஆளிருக்காது.

1984-ல் எம்.ஜி.ஆர் ஆட்சியில் இன்டர்வியூ போய் நுழைவுத்தேர்வு வந்தது. 2007 முதல் பிளஸ் டூ மார்க் மட்டும். 2017 முதல் நீட். நீட் சரியா தவறா என்பது வேறு சண்டை, இங்கே அதற்குப் போகவில்லை. நேர்காணலை விடாமல் வைத்திருந்த இடம் வேலூர் சி.எம்.சி. மாணவர்களை வரவழைத்து, சில நாட்கள் குழுவாக வேலை செய்யவைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். சேவைச் சான்றிதழைவிட, சேவை செய்யும் ஆளா என்று நேரில் பார்ப்பது அது. நீட் கட்டாயமானபோது, 2017-ல் 100 சீட்டில் 99-ஐ நிரப்பாமலே விட்டது அந்தக் கல்லூரி. சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

டல்லாஸ் பேத்திக்கு வேறு கணக்கு

கொங்கு வீடுகளில் இன்று பாதிக் குடும்பம் கடல் தாண்டி இருக்கிறது. மகன் டெக்சாஸில், பேத்திக்கு அங்கே டாக்டராக ஆசை. "லீவுக்கு வர்றப்ப பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில பத்து நாள் நின்னுட்டுப் போகட்டுமுங்க, ஒரு லெட்டர் வாங்கிக்கலாம்" என்று தாத்தா ஏற்பாடு செய்வார். இங்கேதான் சரிபார்ப்பு என்ற வார்த்தைக்கு முழு அர்த்தம் வருகிறது.

அமெரிக்காவில் பட்டப்படிப்புக்குப் பிறகுதான் மருத்துவக் கல்லூரி. பெரும்பாலான கல்லூரிகளுக்குப் பொதுவாக ஒரே விண்ணப்பம். அதில் அதிகபட்சம் 15 செயல்பாடுகளைக் குறிப்பிடலாம். ஒவ்வொன்றுக்கும் அமைப்பின் பெயர், தேதிகள், மொத்த மணி நேரம், அதை உறுதிசெய்யக்கூடிய ஒருவரின் பெயர், அவரைத் தொடர்புகொள்ளும் வழி எல்லாம் கேட்பார்கள். சான்றிதழை ஸ்கேன் செய்து இணைக்கும் வேலையே இல்லை. விவரிக்க 700 எழுத்துகள். மிக முக்கியமானவை என்று மூன்றைத் தேர்ந்தெடுத்தால், அவற்றுக்குக் கூடுதலாக 1,325 எழுத்துகள்.

எல்லோருக்கும் போன் போடுவார்களா? மாட்டார்கள், முடியாது. ஆனால், யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். பெரும்பாலும் மாட்டிக்கொள்வது கணக்கில்தான். கல்லூரி நடக்கும் செமஸ்டரில் லேப் ஆராய்ச்சி, ஆஸ்பத்திரி, டியூஷன் என்று மணி நேரங்களைக் கூட்டினால் தூங்கவே நேரமில்லை என்று வரும். பரிந்துரைக் கடிதங்களும் மாணவர் கைக்கு வராமல், எழுதுபவரிடமிருந்து நேரே போகின்றன. மாணவர் '300 மணி நேரம்' என்கிறார், டாக்டரோ 'அந்தக் கோடையில் சில நாட்கள் வந்தார்' என்று எழுதுகிறார். முடிந்தது கதை. பொய் என்று சந்தேகம் வந்தால் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் விசாரிக்கும். விண்ணப்பித்த மற்ற கல்லூரிகளுக்கும் அந்த அறிக்கை போகலாம்.

கடைசி வடிகட்டி, நேர்காணல். கோவையில் சங்கரா, அரவிந்த் போன்ற கண் மருத்துவமனைகள் கிராமங்களில் முகாம் நடத்துகின்றன. பரிசோதனை, சர்க்கரை, பிரஷர், அப்புறம் ஆபரேஷனுக்குத் தேர்வானவர்களை பஸ்ஸில் ஏற்றுவது என்று அதற்கு ஒரு நடைமுறை உண்டு. நிஜமாக அங்கே நின்ற பிள்ளையிடம் ஒரு பெரியவர் கேட்டிருப்பார்: "ஏனுங் அம்மணி, ஆபரேசன் பண்ணுனா எத்தன நாளைக்குங்க தோட்டத்துப் பக்கம் போகக் கூடாது? தண்ணி பாய்ச்ச ஆளில்லீங்களே." 'முகாமில் உன்னைச் சங்கடப்படுத்திய கேள்வி என்ன?' என்று பேராசிரியர் கேட்டால் இவள் பத்து நிமிடம் பேசுவாள். சான்றிதழ் மட்டும் வாங்கிய பிள்ளை, 'சமூக சேவையின் முக்கியத்துவத்தை உணர்ந்தேன்' என்பாள். பிரிட்டனிலும் இப்படித்தான். எத்தனை மணி நேரம் என்பதைவிட, பார்த்ததிலிருந்து என்ன புரிந்தது என்றே துருவுவார்கள்.

தாத்தாக்களுக்கு ஒரு எச்சரிக்கை. "நம்ம டாக்டர்தானுங்க, பேத்திய ஊசி போட விட்டாரு" என்று பெருமைப்படாதீர்கள். பயிற்சியில்லாத மாணவர்கள் வெளிநாடுகளில் நோயாளிகள் மீது கைவைப்பதை அமெரிக்கக் கல்லூரிகள் தவறாகத்தான் பார்க்கின்றன. அதற்கென்று அந்தச் சங்கம் வழிகாட்டு நெறியே வெளியிட்டிருக்கிறது. விண்ணப்பத்தில் 'தையல் போட்டேன்' என்று எழுதினால், பாராட்டுக்குப் பதில் கேள்விதான் வரும்.

இங்கேயும் போலி ஆவணத்துக்குத் தண்டனை சின்னதில்லை. 2020 கலந்தாய்வில் போலி நீட் மதிப்பெண் சான்று பிடிபட்டு போலீஸ் வழக்கானது. என்.ஆர்.ஐ ஒதுக்கீட்டுக்குக் கொடுத்த தூதரகச் சான்றிதழ்களை அந்தந்தத் தூதரகங்களிடமே கேட்டபோது, பல போலி என்று தெரிந்தது 2025-ல் செய்தியானது. சீட் ரத்து, கிரிமினல் வழக்கு என்று போகும். பதினேழு வயதுப் பிள்ளையின் பெயரில், பெரும்பாலும் பெற்றோர் எடுக்கும் முடிவு அது. எனக்கு அதுதான் பெரிய கொடுமையாகப் படுகிறது.

சரி, உங்கள் பிள்ளைக்கு உண்மையிலேயே ஆசை இருந்தால்? பள்ளியில், கல்லூரியில் என்.எஸ்.எஸ் இருந்தால் சேர்த்துவிடுங்கள். கல்லூரி என்.எஸ்.எஸ் என்றால் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், ஏழு நாள் முகாம், வருகைப் பதிவேடு, பொறுப்பு ஆசிரியர் எல்லாம் உண்டு. உலகத்தில் எங்கே போய்க் கேட்டாலும் சரிபார்க்கக்கூடிய கணக்கு. முகாமுக்கோ முதியோர் இல்லத்துக்கோ போனால், அன்றைக்கே ஒரு நோட்டில் தேதி, நேரம், என்ன வேலை, யார் மேற்பார்வை, அவரின் நம்பர், மெயில் ஐ.டி எழுதிவைக்கச் சொல்லுங்கள். நாளை இங்கேயே எம்.பி.பி.எஸ் சேர்ந்தாலும் பழக்கம் உதவும். முதலாண்டிலிருந்தே கிராமத்தில் குடும்பங்களைத் தத்தெடுத்துப் பார்க்கும் திட்டம் இருக்கிறது, செய்ததை லாக் புக்கில் எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

வெளிநாட்டு விண்ணப்பத்தில் யார் பெயரைத் தொடர்புக்குக் கொடுக்கிறீர்களோ, அவரை முன்கூட்டியே கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பாவம், அமெரிக்காவிலிருந்து திடீரென்று ஒரு மெயில் வந்தால், லாட்டரி மோசடி என்று நினைத்து டெலிட் செய்துவிடுவார்.