வாழைமர நோட்டும் வெள்ளியும்

மலேசியத் தமிழர் இந்நாட்டுப் பணத்தை ‘வெள்ளி’ என்றே வழங்கி வருகின்றனர். ஸ்பானிய வெள்ளி நாணயங்கள் இத்தீபகற்பத்துச் சந்தைகளில் புழங்கிய காலத்தை அச்சொல் நினைவூட்டுகிறது. மலாய்மொழியின் ‘ரிங்கிட்’ என்னும் சொல்லும் அந்நாணயங்களின் பல்வெட்டு விளிம்பைக் குறித்துப் பிறந்ததே. உலோகம் போய்த் தாள் வந்த பின்னும் பெயர் மாறவில்லை. தாளுக்குப் பின்னால் பொருள் உண்டு என்று மக்கள் நம்பினர். ஜப்பானியர் ஆட்சியில் வழங்கிய பணம் ஒன்று மட்டும் அந்நம்பிக்கையைப் பெறவேயில்லை. அதை மலாய்க்காரர் ‘டூயிட் பீசாங்’ என்றனர்; தமிழர் ‘வாழைமர நோட்டு’ என்றனர்.

1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் கரையிறங்கிய ஜப்பானியப் படை, 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூரைக் கைப்பற்றியது. படையுடன் அதன் பணமும் வந்தது. அந்நோட்டுகளில் டாலர், சென்ட் என்னும் பழைய அலகுகளே அச்சிடப்பட்டிருந்தன. மலாயாவைக் குறிக்க ‘எம்’ என்னும் எழுத்தும் இடம்பெற்றது. பத்து வெள்ளி நோட்டில் குலை தள்ளிய வாழைமரம் விளங்கிற்று. ஜப்பானிய அரசின் புதிய வெள்ளியும் ஆறாம் ஜார்ஜ் மன்னர் உருவம் தாங்கிய பழைய மலாயா வெள்ளியும் சம மதிப்புடையவை என்பது ஆட்சியாளர் ஆணை.

ஆணை சமன் என்றது. சந்தை சமன் என்னவில்லை. மலாயா வெள்ளி ஒன்றுக்கு இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்னும் உறுதியான ஸ்டெர்லிங் மாற்று இருந்தது. வாழைமர நோட்டுக்கு அத்தகைய ஈடு ஏதுமில்லை. செலவு பெருகப் பெருக நோட்டுகளும் அச்சாகிக் குவிந்தன. தொடக்கத்தில் வரிசை எண்ணுடன் வந்தவை பின்னர் எழுத்துக் குறியை மட்டும் தாங்கி வந்தன; எத்தனை வெளியாயின என்பதைக் கணக்கிடும் வழியும் அடைபட்டது. கப்பல் போக்குவரத்து அற்றதால் அரிசியும் துணியும் அருகின. பணம் மலிந்து பண்டம் குறைந்தால் விலை ஏறுவது இயல்பு. புழக்கத்திலிருந்த நோட்டுகளை உறிஞ்சச் சேமிப்பு இயக்கங்களும் லாட்டரிச் சீட்டுகளும் நடத்தப்பட்டும் வீழ்ச்சி நிற்கவில்லை. இறுதியில் ஆயிரம் வெள்ளி நோட்டே அச்சிடப்பட்டது. மக்களோ பழைய நோட்டுகளை மறைத்து வைத்தனர். இயன்ற இடங்களில் பண்டத்துக்குப் பண்டம் மாற்றினர்.

இச்சரிவின் சுமை எல்லார் மேலும் ஒன்றுபோல் விழவில்லை. நிலமோ நகையோ வைத்திருந்தவரிடம் பொருள் எஞ்சியது. பழைய கடனாளிகள் மதிப்பிழந்த தாளைக் கொடுத்துக் கடன் தீர்க்க முடிந்தது. அன்றாடக் கூலியைத் தாளாகப் பெற்றவருக்கோ வேறு புகலிடம் இல்லை. கிள்ளான் வட்டாரத் தோட்டத் தமிழர் 1941இல்தான் நாட்கூலியில் சில காசுகள் உயரவேண்டும் என்று வேலைநிறுத்தம் செய்திருந்தனர். அப்போராட்டம் படைபலத்தால் அடக்கப்பட்டது. அதன் தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். காசுக்காகப் போராடிய அதே மக்களுக்கு அடுத்த ஆண்டே கையில் கிடைத்தது வாழைமர நோட்டு. ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்கள் முடங்கின, மரவள்ளிக்கிழங்கு உணவாயிற்று. நாளொன்றுக்கு ஒரு வெள்ளி என்னும் வாக்குறுதியுடன் சயாம் – பர்மா இரயில்பாதைக்குத் தமிழர் திரட்டப்பட்டனர்; ஏமாற்றியும் வலிந்து பிடித்தும் பலர் கொண்டுசெல்லப்பட்டனர். அவ்வாறு சென்ற பல்லாயிரவரில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. திரும்பியவர் பெற்ற கூலியும் விரைவில் வெறுந்தாளாயிற்று.

1945 செப்டம்பரில் மீண்டும் வந்த பிரிட்டிஷ் இராணுவ நிருவாகம் அந்நோட்டுகளைச் செல்லத்தக்க பணமாக ஏற்கவில்லை. பழைய மலாயா வெள்ளியே மீண்டது. நோட்டுகள் செல்லாமற் போயினும் அவற்றால் நடந்த கொடுக்கல் வாங்கல்கள் வழக்குகளாக எஞ்சின. 1948இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, ஆக்கிரமிப்புக் காலக் கடன்களைத் தேய்ந்த மதிப்புக்கேற்பக் கணக்கிட வழிவகுத்தது. கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் இதனால் ஓரளவு நீதி பெற்றனர். ஆனால், முன்னமே உழைத்து, அக்கூலியை அப்போதே உண்டு தீர்த்த தொழிலாளிக்கு வழக்காடக் கடன்சீட்டு ஏது?

ஆட்சியாளர் அத்தாளில் அச்சிட்டது டாலர் என்னும் சொல்லை. மக்கள் அச்சொல்லை விடுத்து, அதில் கண்ட மரத்தின் பெயரையே இட்டனர். வெள்ளி என்னும் பெயரை மீண்டும் வந்த பணத்துக்கு வைத்துக்கொண்டனர். எந்தப் பணத்தை நம்பினோம், எதை நம்பவில்லை என்று மக்கள் எழுதிவைத்த கணக்காகவே இவ்விரு சொற்களையும் நாம் படிக்கலாம். தோட்டத்து முதியோர் நினைவில் இன்னும் வாழும் இத்தகைய வழக்குச் சொற்களைக் கேட்டுத் தொகுப்பது, அவர்கள் இழந்த கூலிக்கு நாம் செலுத்தக்கூடிய சிறு ஈடாகும்.