ஏர்பிரஷ் மக்கர் செய்தால்

மகாராஷ்டிர மாநிலத்தில் ராய்கட் மாவட்டம் இருக்கிறது. அங்கே பேண் என்று ஓர் ஊர். ஊரில் எங்கே பார்த்தாலும் பிள்ளையார் சிலை செய்யும் பட்டறைகள். சுற்றியுள்ள கிராமங்களிலும் இதே தொழில்தான். ஆண்களும் பெண்களும் சேர்ந்து வேலை செய்கிறார்கள். இங்கே செய்த பிள்ளையார்கள் மும்பைக்கும் பூனாவுக்கும் போகிறார்கள். கப்பல் ஏறி வெளிநாட்டுக்கும் போகிறார்கள்.

பிள்ளையாரின் கண்ணைக் கையால்தான் எழுத வேண்டும். அதற்கு மெல்லிய தூரிகை போதும். ஆனால் கன்னத்தைப் பாருங்கள். நடுவில் ரோஸ் நிறம் இருக்கும். அது ஓரத்தில் மெல்ல மெல்ல மறையும். தூரிகையால் இழுத்தால் கோடு தெரியும். அதனால் ஏர்பிரஷ் என்னும் கருவியால் வண்ணத்தைத் தூவுகிறார்கள்.

ஏர்பிரஷ் தடித்த பேனா போல இருக்கும். மேலே ஒரு சின்னக் கிண்ணம். அதில் வண்ணத்தை ஊற்ற வேண்டும். அடியில் ஒரு குழாய். அது கம்பிரசரில் இருந்து காற்றைக் கொண்டுவரும். உள்ளே முனை முதல் வால் வரை ஒரு நீண்ட ஊசி. விசையைக் கீழே அழுத்தினால் காற்று வரும். அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் ஊசி பின்வாங்கும், முனைத் துளை திறக்கும். வேகமாகப் போகும் காற்று வண்ணத்தை இழுத்துப் புகை போலத் தூவும். அந்தத் துளை எவ்வளவு பெரியது தெரியுமா? பல கருவிகளில் 0.3 மில்லிமீட்டர்தான். ஒரு தூசி போதும், அடைத்துக்கொள்ளும்.

அடைத்தால் என்ன ஆகும்? வண்ணம் சீராக வராது. விட்டு விட்டுத் துப்பும். முகத்தில் ஒரு சொட்டு தெறித்தால் போச்சு. முகம் முழுவதையும் மறுபடி பூச வேண்டும். சதுர்த்தி தள்ளிப்போகாது. முன்பணம் கொடுத்த வியாபாரி வாசலில் நிற்பார்.

கருவி துப்பினால் உடனே ஸ்பேனரை எடுக்கக் கூடாது. முதலில் வண்ணத்தைப் பாருங்கள். அது பால் பதத்தில் இருக்க வேண்டும். தயிர் போல இருந்தால் துளையில் இறங்காது. பொடியைக் கரைத்த வண்ணத்தில் கப்பி நிற்கும். பழைய நைலான் துணியில் வடிகட்டிய பிறகே கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். 2020இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சிலை கரைப்பதற்கான விதிகளைத் திருத்தியது. நச்சு வண்ணம் கூடாது, இயற்கை வண்ணம் பூசுங்கள் என்று அதில் இருக்கிறது. மண்ணையும் மஞ்சளையும் கரைத்துப் பூசுகிறவர்களுக்கு இந்த வடிகட்டல் இன்னும் முக்கியம்.

வண்ணம் சரியாக இருக்கிறதா? அடுத்து ஊசியின் நுனியைப் பாருங்கள். வண்ணம் அங்கே காய்ந்து மூக்குப்பொடி அளவு ஒட்டியிருக்கும். ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும். பாதித் தொல்லை இதோடு தீர்ந்துவிடும்.

கிண்ணத்தில் குமிழி வருகிறதா? அப்படியானால் காற்று முன்னால் போகாமல் பின்னால் திரும்புகிறது. முனை தளர்ந்திருக்கும், அல்லது விரிசல் விட்டிருக்கும். தளர்ந்திருந்தால் விரலால் இறுக்கிப் பாருங்கள். பலத்தைக் காட்ட வேண்டாம். முனையின் மரை தலைமுடி போல மெல்லியது, முறிந்துவிடும். விரிசல் என்றால் வேறு முனைதான் போட வேண்டும்.

வண்ணம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வருகிறதா? ஊசி வளைந்திருக்கும். கருவி கீழே விழுந்தால் முதலில் வளைவது ஊசி நுனிதான். ஊசியைக் கண்ணாடிமேல் வைத்து உருட்டிப் பாருங்கள். நுனி ஆடினால் வளைவு தெரிந்துவிடும். கொஞ்சம் வளைந்திருந்தால் உருட்டியே நிமிர்த்தலாம். கொக்கி போல வளைந்திருந்தால் புதிய ஊசி வாங்குவதே நல்லது. வளைந்த ஊசியைத் திரும்பச் செருகினால் முனையையும் கிழித்துவிடும். செலவு இரண்டாகும்.

கால் கால்களாகச் சிலந்தி போல வண்ணம் ஓடினால் கருவியில் குற்றம் இல்லை. வண்ணம் தண்ணீராக இருக்கும், அல்லது கையைச் சிலைக்கு மிக அருகில் வைத்திருப்பார்கள். காற்றும் அதிகமாக இருக்கலாம். இந்த வேலைக்கு 15 முதல் 25 பவுண்டு காற்று போதும்.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை வரும். கொங்கணக் கரையில் ஜூன் முதல் மழை கொட்டும். பிள்ளையாருக்கு வண்ணம் அடிக்கும் அவசரமும் அப்போதுதான். கம்பிரசர் அந்த ஈரக் காற்றைத்தான் இழுத்து அமுக்குகிறது. அமுக்கிய காற்று சூடாகும். குழாயில் போகும்போது ஆறும். ஆறினால் நீர் பிரியும். சூடான சோற்றுப் பானையின் மூடியில் நீர் முத்து முத்தாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள் அல்லவா? அதே கதைதான். அந்த நீர் வண்ணத்தோடு சேர்ந்து சிலைமேல் சொட்டும். இதைத் தடுக்க, குழாயின் வழியில் ஒரு நீர்ப்பொறியை மாட்டுவார்கள். அது கண்ணாடிக் குப்பி போல இருக்கும். கம்பிரசரை ஒட்டி மாட்டினால் பயன் குறைவு. காற்று அங்கே சூடாகவே இருக்கும். சற்றுத் தள்ளி மாட்ட வேண்டும். குப்பியில் நீர் சேர்ந்தால் திறந்துவிடுங்கள். கம்பிரசர் தொட்டியின் அடியிலும் ஒரு திருகு உண்டு. சாயங்காலம் காற்றை இறக்கிவிட்டு அதைத் திறந்தால் துருப்பிடித்த தண்ணீர் வரும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். தொட்டி உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகும்.

கழுவுவது எப்படி? நிறம் மாற்றும்போதெல்லாம் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றித் தூவுங்கள். தெளிவான நீர் வரும்வரை தூவுங்கள். எண்ணெய் வண்ணம் என்றால் தண்ணீருக்குப் பதில் தின்னர். சாயங்காலம் ஊசியைப் பின்பக்கமாக நேராக உருவ வேண்டும். துடைக்கும்போது தடித்த பக்கத்திலிருந்து நுனியை நோக்கித் துடைக்க வேண்டும். எதிர்த்துத் துடைத்தால் விரலில் குத்தும். முனைத் துளையைக் கம்பியால் குத்தவே கூடாது. துளை பெரிதாகிவிட்டால் பிறகு என்ன செய்தாலும் வண்ணம் ஒழுகும். முனையை மட்டும் கழற்றிச் சிறிது நேரம் ஊறப் போடுங்கள். கருவி முழுவதையும் தின்னரில் போடக் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் ஊதிவிடும்.

வேலை செய்யும்போது முகமூடி கட்டிக்கொள்ளுங்கள். சாதாரணத் துணி இந்தப் புகையைத் தடுக்காது. தின்னர் ஆவியை உறிஞ்சும் வடிகட்டி வைத்த முகமூடிதான் வேண்டும். கதவையும் ஜன்னலையும் திறந்து வையுங்கள். பக்கத்தில் பீடி, அடுப்பு இருக்கக் கூடாது.

சதுர்த்தி முடிந்ததும் கருவிக்குச் சில வாரம் ஓய்வு. கழுவி, நன்றாக உலர்த்தி, ஊசியைத் திரும்பச் செருகுங்கள். நுனி மூடியைப் போட்டுப் பெட்டியில் படுக்க வையுங்கள். பெட்டியைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.