மூலையில் பூக்கும் போர்வை

பழைய புடவை, கிழிஞ்ச சட்டையெல்லாம் உங்க வீட்ல என்ன ஆகும் நேயர்களே?

கர்நாடகத்துல, எல்லாப்பூர் பக்கம் வாழுற ஆப்பிரிக்க வம்சாவளி சித்தி சமூகத்துப் பெண்கள், அதையெல்லாம் துண்டு துண்டா வெட்டி, கையாலயே தைச்சு, பேரப்பிள்ளைகளுக்குப் போர்வையா குடுக்கறாங்க. பேரு கவந்தி. ஓரத்துல ஆரம்பிக்கிற தையல், சுத்திச் சுத்தி நடுவுல வந்து முடியும். மூலைகள்ல துணியை மடிச்சு ஒரு பூ வெச்சாத்தான் அது முழுமையான போர்வை!

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் நேயர்களே! நீங்களும் இப்படி ஒரு போர்வை தைக்கலாமே. பக்கத்துத் தையல்கடையில வெட்டுத்துணி கேட்டு வாங்குங்க. அம்மாவோட பழைய நூல் புடவையை அடியில விரிச்சு, மேல ஒவ்வொரு துண்டா வெச்சுத் தைங்க. தோழிக்குப் பிறக்கப்போற குழந்தைக்கு அதைவிட அருமையான சீர் வேற என்ன இருக்கு!