கித்தாரை நம்பிப் பிழைக்க முடியுமா?

தானா ராத்தாவில் வார இறுதிகளில் இளைஞர்களுக்குக் கித்தார் சொல்லித் தருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் எஸ்.பி.எம். தேர்வு முடிந்த கையோடு யாராவது ஒருவர் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பதில்லை: "சார், இதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாமா?" அடுத்த வாரம் அதே கேள்வியோடு அவருடைய அப்பாவோ அம்மாவோ வருவார்கள். பிள்ளையின் குரலில் ஆசை இருக்கும், பெற்றோரின் குரலில் பயம் இருக்கும். இரண்டுமே நியாயமானவைதான்.

இதற்கு ஊரில் இரண்டு பதில்கள் தயாராக உள்ளன. "திறமை இருந்தால் எல்லாம் தானாக வரும்" என்பது ஒன்று. "பாட்டும் கூத்தும் சோறு போடாது" என்பது மற்றொன்று. இரண்டையும் சொல்பவர்கள் இசைக் கலைஞர்கள் உண்மையில் எப்படிச் சம்பாதித்தார்கள் என்பதைப் பார்த்துவிட்டுச் சொல்வதில்லை. என் மாணவர்கள் விரும்பி வாசிப்பது ஹார்ட் ராக்கும் புளூஸும். ஆகவே அந்தத் துறையில் பேர் எடுத்தவர்களின் தொழில் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். மேடையில் அவர்கள் என்ன வாசித்தார்கள் என்பதைவிட, மேடைக்கு வரும்வரை எதைச் செய்து சாப்பிட்டார்கள் என்பதுதான் நமக்குப் பாடம்.

தோட்டத்தில் பிறந்த இசை

புளூஸ் இசை அமெரிக்காவின் தென் மாநிலங்களில், கறுப்பின மக்கள் உழைத்த பருத்தித் தோட்டங்களைச் சுற்றி வளர்ந்தது. வயலில் வேலைக் களைப்புத் தெரியாமல் இருக்கப் பாடிய குரல்கள், தேவாலயப் பாடல்கள், ஊர்விட்டு ஊர் போனவர்களின் ஏக்கம் எல்லாம் அதில் கலந்தன. நமக்கு இது அந்நியமான கதை அன்று. 1929இல் போ தேயிலைத் தோட்டம் கேமரன் மலையில் தொடங்கப்பட்ட காலத்திலிருந்து இங்கே கொழுந்து பறித்தவர்களில் நம் தாத்தா பாட்டிகள் உண்டு. களைப்பைப் பாட்டில் இறக்கிவைக்கும் பழக்கம் அவர்களுக்கும் இருந்தது.

மட்டி வாட்டர்ஸ் மிசிசிப்பி மாநிலத்தின் ஸ்டோவால் பருத்தித் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். 1941இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டார் பாடல்களைப் பதிவு செய்ய வந்த ஆலன் லோமாக்ஸ், அவருடைய வீட்டிலேயே அவர் பாடியதைப் பதிவு செய்தார். தன் குரலை இயந்திரத்தில் கேட்ட பிறகுதான், தானும் ஒரு கலைஞன் என்ற நம்பிக்கை அவருக்குப் பிறந்தது. ஆனாலும் அவர் உடனே வேலையை விடவில்லை. 1943இல் சிகாகோ நகருக்கு ரயில் ஏறினார். பகலில் தொழிற்சாலை வேலை, லாரி ஓட்டும் வேலை. இரவில் விருந்துகளிலும் மதுக்கடைகளிலும் வாசிப்பு. அந்த இரைச்சலில் சாதாரணக் கித்தார் எடுபடாததால் மின்கித்தாருக்கு மாறினார். வேலையிடத்தின் தேவையே சிகாகோ புளூஸ் என்ற புதிய பாணிக்கு வழி செய்தது. பின்னாளில் இங்கிலாந்தில் தோன்றிய ரோலிங் ஸ்டோன்ஸ் குழு தன் பெயரையே இவருடைய பாடல் ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டது.

1925இல் பிறந்த பி.பி.கிங்கும் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர்தான். ஒரு நாள் டிராக்டரின் புகைக்குழாய் உடைந்துவிட, முதலாளிக்குப் பயந்து மெம்பிஸ் நகருக்கு ஓடிப்போனார். ஆனால் அங்கேயே தங்கிவிடவில்லை. திரும்பி வந்து, வேலை செய்து, அந்தக் கடனை அடைத்தார். அதன்பின் 1948இல் மறுபடியும் மெம்பிஸ் சென்று வானொலி அறிவிப்பாளராகச் சேர்ந்தார். வானொலியில் தினமும் கேட்ட குரல் என்பதால் ஊர் ஊராக மேடைகள் கிடைத்தன. 1956ஆம் ஆண்டில் மட்டும் அவர் 342 நிகழ்ச்சிகள் செய்தார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆண்டில் அவர் மேடையேறாத நாள்கள் ஒரு மாதம்கூட இல்லை. 2015இல் மறையும்வரை அவரைப் "புளூஸ் மன்னர்" என்று உலகம் அழைத்ததன் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

விரல் நுனி போன பிறகும்

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து டோனி அயோமிக்கு 17 வயது. உலோகத் தகடு வெட்டும் தொழிற்சாலையில் அவருக்கு அன்றுதான் கடைசி நாள்; அடுத்து முழுநேர இசைப்பயணம் போக ஏற்பாடு. அன்றைக்கே இயந்திரம் அவருடைய வலக்கையின் இரண்டு விரல் நுனிகளைத் துண்டித்துவிட்டது. அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதால், கித்தாரின் தந்திகளை அழுத்தும் விரல்களே அவை.

இனி வாசிக்க முடியாது என்று சோர்ந்திருந்தவரிடம் தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒரு இசைத்தட்டைக் கொடுத்தார். அதில் வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். தீ விபத்தில் இரு விரல்கள் செயலிழந்த பிறகும் கித்தாரில் உலகப் புகழ் பெற்றவர். அதைக் கேட்ட அயோமி, பிளாஸ்டிக் போத்தலை உருக்கித் தன் விரல்களுக்குத் தொப்பி செய்துகொண்டார். அழுத்துவதற்கு இலகுவான மெல்லிய தந்திகளைத் தேடிப் பிடித்தார். பின்னர் சுருதியையும் தாழ்த்திக்கொண்டார். அந்தத் தாழ்ந்த, கனத்த ஒலியே அவருடைய பிளாக் சாபத் குழுவின் அடையாளமாயிற்று. 1970 பிப்ரவரியில் வெளிவந்த அக்குழுவின் முதல் இசைத்தட்டை ஹெவி மெட்டல் இசையின் தொடக்கமாகப் பலர் கருதுகிறார்கள்.

இந்தக் கதையை நான் மாணவர்களுக்குச் சொல்வது "மனம் இருந்தால் மார்க்கம் உண்டு" என்று முடிப்பதற்காக மட்டுமன்று. அயோமி கருவியைப் புரிந்துகொண்டவர். தந்தியின் தடிப்பு, இழுவிசை, சுருதி மூன்றுக்கும் என்ன தொடர்பு என்று தெரிந்ததால்தான் அவரால் மாற்று வழி காண முடிந்தது. உங்கள் படிவம் 4 இயற்பியல் பாடத்து அலைகள் அத்தியாயம் தேர்வோடு முடிந்துவிடுவதில்லை.

நம் பக்கத்து ஊர்க்காரர்கள்

"அதெல்லாம் வெள்ளைக்காரன் கதை" என்று பெற்றோர் சொல்லலாம். சரி, நம் மண்ணுக்கு வருவோம். பினாங்கைச் சேர்ந்த தமிழ்ச் சகோதரர்கள் டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் 1960களின் இறுதியில் உருவாக்கிய குழு ஆலிகேட்ஸ். அடர்ந்த சுருட்டை முடியும் சகோதரர்களின் குரலும் அவர்களுக்கு அடையாளம். அவர்கள் வாசித்தது கடின ராக் அன்று. மெல்லிசையும் சோல் இசையும் கலந்த பாணி. ஆனால் தொழில் பாதை அதேதான். ஹாங்காங் வரை சென்று இரவு விடுதிகளில் ஒப்பந்தத்துக்கு வாசித்துப் பழகினார்கள். முதல் மலாய் இசைத்தட்டு 1979இல்தான் வந்தது. அதாவது, குழு தொடங்கி ஏறத்தாழ பத்தாண்டுகளுக்குப் பிறகு! அதன்பின் நாடே அவர்களின் மலாய்ப் பாடல்களைப் பாடியது. 2007இல் லோகநாதன் புற்றுநோயால் காலமானார். டேவிட் ஆறுமுகம் குழுவின் பெயரைத் தொடர்ந்து மேடையேற்றினார்.

இன்னும் அருகே, நம் மலையிலிருந்து சிம்பாங் பூலாய் சாலை வழியாக இறங்கினால் வரும் ஈப்போவில் பிறந்தவர் பால் பொன்னுதுரை. புளூஸ், ஜாஸ், தேவாலய இசை எல்லாவற்றையும் ஒரே கித்தாரில் கொண்டுவந்தவர். எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாப் பாடலை எடுத்து, அது புதிதாகப் பிறந்ததைப் போல வாசித்துக் காட்டுவார். பல ஆண்டுகள் அவருடைய மேடை சிங்கப்பூரின் மதுக்கூடங்கள்தாம். அங்கே கேட்ட வாசிப்பைப் பற்றி அமெரிக்காவின் டைம் இதழ் பாராட்டி எழுதியது. 2012 ஜூலையில், 51 வயதில் அவர் மறைந்தார். பெரிய அரங்கமும் கோடிக்கணக்கான இசைத்தட்டு விற்பனையும் இல்லாமலே ஒருவர் உலகத் தரத்தில் வாழ்ந்து காட்டலாம் என்பதற்கு நம் ஈப்போக்காரரே சாட்சி.

படிப்பு பகை அன்று

இசையா படிப்பா என்று வீட்டில் சண்டை வரும்போது நான் பிரையன் மேயின் பெயரைச் சொல்வேன். குவீன் குழுவின் கித்தார் கலைஞர். பதின்ம வயதில், மின்னணுப் பொறியாளரான தந்தையோடு சேர்ந்து, பழைய கணப்படுப்பு மரச்சட்டத்தைக் கொண்டு தானே ஒரு கித்தார் செய்தவர். உலகம் முழுக்க அவர் வாசித்தது அந்தக் கித்தாரைத்தான். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வானியல் முனைவர் பட்ட ஆய்வில் இருந்தவர், குவீன் குழு வளர்ந்தபோது 1974இல் அதை நிறுத்திவைத்தார். முப்பதாண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு திரும்பிச் சென்று, சூரியக் குடும்பத்துத் தூசியைப் பற்றிய அதே ஆய்வை முடித்து 2007இல் முனைவர் பட்டம் பெற்றார்.

பாஸ்டன் குழுவின் டாம் ஷோல்ஸ், எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் படித்த இயந்திரப் பொறியாளர். பொலராய்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, சம்பளத்தைப் போட்டு வீட்டு நிலவறையில் ஒலிப்பதிவுக்கூடம் அமைத்தார். அங்கே உருவான பாடல்களே 1976இல் வெளிவந்த முதல் இசைத்தட்டுக்கு அடித்தளம். அமெரிக்காவில் மட்டும் அது 1 கோடியே 70 லட்சம் பிரதிகளைத் தாண்டியது.

இவர்கள் வசதி உள்ளவர்கள் என்று தோன்றுகிறதா? அப்படியானால் ஹவ்லின் வுல்ஃப் கதையைக் கேளுங்கள். மிசிசிப்பியில் பிறந்து, சிறுவயதில் எழுத்தறிவு கிட்டாமல் வளர்ந்த புளூஸ் பாடகர். பேரும் பணமும் வந்த பிறகு, நாற்பது வயதைக் கடந்த நிலையில், முதியோர் வகுப்புக்குப் போய் எழுதப் படிக்கவும் கணக்கு எழுதவும் கற்றார். அதனால் யாரும் அவரைக் கணக்கில் ஏமாற்ற முடியவில்லை. தன் குழுவினருக்கு நேரத்துக்குச் சம்பளம் கொடுத்ததோடு காப்புறுதிச் சலுகையும் செய்து தந்தார். அதனால் நல்ல வாசிப்பாளர்கள் அவரை விட்டுப் போகத் தயங்கினார்கள்.

பாட்டு யாருடையது?

பலருடைய தொழில் வாழ்க்கை சரிந்த இடம் மேடை அன்று, காகிதம். சிகாகோவில் மட்டி வாட்டர்சுக்கும் ஹவ்லின் வுல்ஃபுக்கும் புகழ்பெற்ற பாடல்களை எழுதித் தந்தவர் வில்லி டிக்சன். எழுதிய காலத்தில் அவற்றுக்குரிய உரிமைப் பணம் அவருக்கு முறையாகக் கிடைக்கவில்லை. இங்கிலாந்தின் லெட் செப்பலின் குழு 1969இல் வெளியிட்ட பாடல் ஒன்றில் தன் வரிகள் இருப்பதாக அவர் 1985இல் வழக்குத் தொடுத்தார். வழக்கு சமரசமாக முடிந்து, அவருக்கு இழப்பீடு கிடைத்தது. அவர் நிறுவிய அறநிறுவனம், தம் உரிமை தெரியாமல் ஏமாந்த மூத்த புளூஸ் கலைஞர்களுக்கு உதவியது.

மலேசியாவில் பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்களின் உரிமைத் தொகையை வசூலித்துத் தரும் அமைப்பாக எம்.ஏ.சி.பி. இயங்குகிறது. நீங்கள் எழுதிய பாடல் வானொலியிலோ உணவகத்திலோ ஒலித்தால் அதற்கு மதிப்பு உண்டு. எழுதிய தேதியோடு வரிகளையும் ஒலிப்பதிவையும் பத்திரப்படுத்துங்கள். குழுவில் நால்வர் இருந்தால், எந்தப் பாடலில் யாருக்கு எத்தனை பங்கு என்பதை நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதி வையுங்கள்.

மலையிலிருந்து புறப்படுவோருக்கு

மேலே சொன்னவர்களின் வாழ்க்கையை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது சில உண்மைகள் தெளிவாகின்றன. மேடைக்கு வரும்வரை அவர்களில் பெரும்பாலோருக்கு வேறு ஒரு வேலையோ படிப்போ இருந்தது. ஒரே இரவில் யாரும் உயரவில்லை. கூட்டம் இல்லாத இடங்களில் நூற்றுக்கணக்கான முறை வாசித்த பிறகே கூட்டம் வந்தது.

எஸ்.பி.எம். முடித்தவர்கள் இசையை முறையாகப் படிக்க வழிகள் உள்ளன. தஞ்சோங் மாலிமில் உள்ள உப்சி பல்கலைக்கழகத்தில் இசைக்கல்வித் துறை இருக்கிறது. ஆசிரியர் பணிக்கு அது நல்ல பாதை. உய்த்தம் பல்கலைக்கழகத்திலும் இசைப் படிப்பு உண்டு. தலைநகரில் அஸ்வாரா கலைக் கழகம் இருக்கிறது. இவற்றுக்கான தகுதிகள் மாறக்கூடியவை என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் விவரங்களை அந்தந்த இணையத்தளத்தில் பாருங்கள். மேடைக்கு வெளியேயும் வேலைகள் உண்டு: ஒலிப்பதிவு, மேடை ஒலியமைப்பு, கருவி பழுதுபார்ப்பு, விளம்பர இசை, இசை வகுப்பு. நம் மலையின் ஈரப்பதத்தில் தந்தி துருப்பிடிக்கிறது, மரம் வளைகிறது. கருவியைச் சரிசெய்யத் தெரிந்தவருக்கு இங்கேயே வேலை இருக்கிறது.

மாதச் சம்பளம் இல்லாத தொழில் என்பதால் பாதுகாப்பை நாமே தேடிக்கொள்ள வேண்டும். ஊழியர் சேமநிதியிலும் சொக்சோவிலும் சுயதொழில் செய்வோர் தாமாகச் சந்தா செலுத்தும் திட்டங்கள் உள்ளன. முதல் நிகழ்ச்சிக்குக் கிடைக்கும் நூறு ரிங்கிட்டிலிருந்தே அதைத் தொடங்கலாம்.

ஆக, கேள்விக்கு என் பதில் இதுதான். கித்தாரை நம்பிப் பிழைக்கலாம். ஆனால் கித்தாரை மட்டுமே நம்பியவர்கள் மிகக் குறைவு. பெற்றோரிடம் ஆசையை மட்டும் கொண்டுபோகாதீர்கள், ஒரு திட்டத்தையும் கொண்டுபோங்கள். எந்தப் படிப்பு, எத்தனை ஆண்டு, இடையில் எந்த வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி என்று ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். பிள்ளையின் வாசிப்பைக் கேட்டு மனம் மாறிய பெற்றோரைவிட, அப்படியொரு தாளைப் பார்த்து மனம் மாறிய பெற்றோரையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.