அல்லூர் ஓரத்து வல்லாரை



பால்வெட்டு முடிந்து அம்மா வீடு திரும்பும்போது மடியில் ஒரு பிடி வல்லாரை இருக்கும். அல்லூர் ஓரத்தில் பறித்தது. தேங்காய், காய்ந்த மிளகாய், புளி சேர்த்து அம்மியில் அரைத்தால் அன்றைய சோற்றுக்கு வேறு கறி வேண்டாம். கடைக்கடன் ஏறிய மாதங்களில் அந்தத் துவையல்தான் எங்களைக் காப்பாற்றியது. பரீட்சை வந்தால், “தின்னுடா, படிப்பு ஏறும்” என்று பச்சையாகவே வாயில் திணிப்பார். படிப்பு ஏறியதோ இல்லையோ, பசி அடங்கியது.

வல்லாரைக்கு ஈரம் போதும். கணுவுக்குக் கணு வேர்விட்டுப் படரும். கெடாவின் வயல் வரப்பும் வாய்க்காலும் தோட்டத்துப் பள்ளமும் அதற்குத் தாய்வீடு. மலாய்க்காரர்கள் அதைப் ‘பெகாகா’ என்று சம்பலோடு பச்சையாகச் சாப்பிடுகிறார்கள். சீனர்கள் சூடு தணியச் சாறெடுத்துக் குடிக்கிறார்கள். நம் பாட்டிமார் காயத்துக்கு அரைத்துக் கட்டினார்கள். அதைப் பட்டிக்காட்டு வைத்தியம் என்று சிரிக்காதீர்கள். வல்லாரையில் உள்ள ஆசியாட்டிகோசைடு என்ற பொருளை வைத்து மருந்துக் கம்பெனிகள் காயக் களிம்பு செய்து விற்கின்றன. ஆழமான காயம் என்றால் மட்டும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஆனால், இன்று அந்த அல்லூரில் கீரை பறிக்கலாமா?

அந்தக் காலத்திலும் புல்லுக்கு மருந்து அடித்தார்கள். முதுகில் பம்பு சுமந்தவர்கள் நம் லயத்துப் பெண்கள். எங்கே அடித்தார்கள் என்று சாயங்காலமே சேதி வந்துவிடும். இப்போது பல இடங்களில் குத்தகை ஆட்கள் வந்து அடித்துவிட்டுப் போகிறார்கள். யாருக்கும் தெரிவதில்லை.

பாராகுவாட் விஷத்தை அரசாங்கம் 2002-இல் தடுத்தது, 2006-இல் தடையைத் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல் முழுவதுமாகத் தடை செய்தது. நல்லது. ஆனால் கிளைபோசேட் இருக்கிறது. அது இலைக்குள் இறங்கி வேர்வரை போகும். அடித்த செடி உடனே வாடாது. பல நாள் பச்சையாகவே நிற்கும். கழுவினாலும் உள்ளே போனது போகாது.

அதனால் கேட்போம்: மருந்து அடிக்கும் நாளையும் இடத்தையும் லயத்துக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். குடியிருப்பை ஒட்டிய அல்லூரில் அடிக்காதீர்கள். தொழிலாளியின் பாதுகாப்பு முதலாளியின் கடமை என்று 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமே சொல்கிறது. தனியாகப் போய்க் கேட்க வேண்டாம், சேர்ந்து போங்கள்.

அதுவரை, மருந்து படாத இடத்திலிருந்து நாலு கொடி கொண்டுவந்து பழைய வாளியில் நடுங்கள். கீரைக்குக் காசில்லை, சரி. நம் உயிருக்கும் விலையில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம்.