பம்பரத்தில் பொருத்திய கேமரா

பிற்பகல் மூன்று மணிக்கு வெயில் கொளுத்துகிறது. நான்கு மணிக்கு இடியுடன் மழை கொட்டுகிறது. ஐந்தரைக்குள் வானம் மறுபடி வெளுத்துவிடுகிறது. நம் வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. ஆனால், 1960களின் தொடக்கத்தில் பூமியைச் சுற்றிய செயற்கைக்கோள்களுக்கு இப்படியொரு மழை பெய்ததே தெரியாமல் போயிருக்கும். உலகின் முதல் வானிலைச் செயற்கைக்கோளான டைரோஸ்-1, 1960 ஏப்ரல் 1ஆம் தேதி பாய்ச்சப்பட்டது. அதுவும் அதன் பின் வந்தவையும் தாழ்வான பாதையில் வேகமாகச் சுற்றின. ஓரிடத்திற்கு மேலே வரும், படமெடுக்கும், போய்விடும். அது திரும்பி வருவதற்குள் மேகம் திரண்டு, பொழிந்து, கலைந்தும் போயிருக்கும்.

இந்தக் குறையைத் தீர்த்தவர் வெர்னர் சுவோமி. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், எவலத் என்ற இரும்புச் சுரங்க ஊரில் 1915இல் பிறந்தவர். ஃபின்லாந்து மக்கள் தங்கள் நாட்டைச் 'சுவோமி' என்றுதான் அழைப்பார்கள். குடும்பப் பெயரிலேயே அவருடைய வேர் தெரிகிறது.

அவர் முதலில் உயர்நிலைப்பள்ளி ஆசிரியர். அறிவியலும் கணிதமும் கற்பித்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வானிலையியல் பக்கம் திரும்பி, 1948இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1953இல் அவர் முனைவர் பட்டம் பெற்றது எதை ஆராய்ந்து தெரியுமா? ஒரு சோளக்காட்டை! வயலுக்குச் சூரியனிடமிருந்து எவ்வளவு வெப்பம் வருகிறது? மண்ணைச் சூடாக்கவும், நீரை ஆவியாக்கவும், காற்றுக்கும் வானத்துக்கும் திரும்பிப் போகவும் எவ்வளவு செலவாகிறது? வீட்டு வரவு செலவுக் கணக்கைப் போலத்தான். வயலுக்குக் கணக்குப் போட்டவர், அடுத்து பூமி முழுவதற்கும் போட்டுப் பார்க்க நினைத்தார். அதற்குப் பூமிக்கு வெளியே நின்று அளக்க வேண்டும்.

அதற்காக அவரும் பொறியியலாளர் ராபர்ட் பேரன்ட்டும் செய்த கருவி மிக எளிமையானது. கண்ணாடித் தகட்டின்மேல் சிறிய அரைக்கோளங்கள். சில கறுப்பு, சில வெள்ளை. திடலில் கறுப்புச் சட்டை போட்டவருக்குச் சூடு அதிகம் என்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளை பூசிய கோளம் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். பூமியிலிருந்து எழும் அகச்சிவப்பு வெப்பத்தை மட்டும் நன்றாக உள்வாங்கும். கறுப்புக் கோளம் இரண்டையும் உள்வாங்கும். இரண்டின் வெப்பநிலையையும் ஒப்பிட்டால் சூரியனின் பங்கு எது, பூமியின் பங்கு எது என்று பிரித்துவிடலாம். இவ்வளவு மலிவான யோசனை விண்வெளிக்குப் போனது எனக்கு இன்றும் வியப்புதான்.

போனது எளிதாக அல்ல. 1959 ஜூலை 16ஆம் தேதி, கருவியைச் சுமந்த ராக்கெட் கிளம்பிய சில நொடிகளிலேயே நிலைதவறி அழிக்கப்பட்டது. மூன்றே மாதத்தில், அக்டோபர் 13ஆம் தேதி, எக்ஸ்புளோரர்-7 மற்றொரு கருவியுடன் வெற்றிகரமாகச் சுற்றுப்பாதையை அடைந்தது. அதிலும் அடுத்தடுத்த செயற்கைக்கோள்களிலும் கிடைத்த அளவுகளை அவரும் தாமஸ் வாண்டர் ஹாரும் சேர்த்து ஆராய்ந்தார்கள். பூமி, தன்மேல் விழும் சூரிய ஒளியில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை மட்டுமே திருப்பி அனுப்புகிறது என்று தெரிந்தது. அதற்கு முன் அறிவியலாளர்கள் அதை இன்னும் அதிகம் என்று நினைத்திருந்தார்கள். மீதி வெப்பத்தை எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வாங்கிக்கொள்வது எந்தப் பகுதி? நாம் வாழும் வெப்பமண்டலம்தான்.

இனி, அந்தப் பிற்பகல் மழைக்கு வருவோம். நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், பூமி சுழலும் அதே வேகத்தில் நகரும். எனவே, ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும். அங்கிருந்து பார்த்தால் நகர்வது மேகம் மட்டுமே. சிக்கல் என்னவென்றால், அன்றைய செயற்கைக்கோள்கள் நிலையாக நிற்பதற்காகப் பம்பரம்போல் நிமிடத்துக்கு 100 முறை சுழன்றன. சுழலும் பம்பரத்தின் மேலிருந்து எப்படிப் படமெடுப்பது?

சுவோமி சுழற்சியை நிறுத்த முயலவில்லை. அதையே வேலை வாங்கினார். ஒவ்வொரு சுற்றிலும் தொலைநோக்கி பூமியின் குறுக்கே ஒரு மெல்லிய கோட்டைப் படிக்கும். சுற்றின் மீதி நேரத்தில், அதாவது இருபதில் பத்தொன்பது பங்கு, அது வெறும் இருட்டைத்தான் பார்க்கும். அடுத்த சுற்றுக்குள் சற்றே சாய்ந்து, அடுத்த கோட்டைப் படிக்கும். ஏறத்தாழ 2,000 கோடுகள் சேர்ந்தால் ஒரு முழுப்படம். நிமிடத்துக்கு 100 கோடு என்றால், 20 நிமிடம். 1966 டிசம்பரில் ஏடிஎஸ்-1 செயற்கைக்கோள் பசிபிக் பெருங்கடலுக்கு மேலிருந்து இப்படிப் படங்களை அனுப்பத் தொடங்கியது.

வரிசையாகப் படங்கள் இருந்தால் காற்றையும் அளக்கலாம். ஒரு மேகம் 20 நிமிடத்தில் 20 கிலோமீட்டர் நகர்ந்திருந்தால் அந்த உயரத்தில் காற்றின் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர். வானிலை நிலையமே இல்லாத நடுக்கடலுக்கு இது பெரிய வரம். ஜப்பான் 1977இல் அனுப்பிய முதல் ஹிமாவாரியும் இதே சுழற்சி முறையில்தான் படமெடுத்தது. மலேசியாவும் சிங்கப்பூரும் அதன் பார்வைக்குள் வந்தன. இன்றைய ஹிமாவாரி சுழல்வதில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு முழுப்படம் அனுப்புகிறது. விடியற்காலையில் மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் சுமத்ரா புயற்காற்றை முன்கூட்டியே பார்க்க முடிவது இதனால்தான்.

சுவோமி 1995இல் காலமானார். 2011 அக்டோபரில் பாய்ச்சப்பட்ட ஒரு செயற்கைக்கோளுக்கு நாசா அடுத்த ஆண்டு 'சுவோமி என்பிபி' என்று பெயர் சூட்டியது. வேடிக்கை என்னவென்றால், அது ஒரே இடத்தில் நிற்கும் வகை அல்ல. துருவங்களின் வழியே, 824 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் வகை. அதிலுள்ள 'வீர்ஸ்' என்ற உணர்கருவி எரியும் நிலத்தின் அகச்சிவப்பு ஒளியைக் கண்டுபிடிக்கும். புகைமூட்டக் காலத்தில் செய்திகளில் வரும் 'வெப்பப் புள்ளிகள்' எண்ணிக்கை இத்தகைய கருவிகளிலிருந்து கிடைப்பதுதான்.

அந்த எண்ணைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். இந்தச் செயற்கைக்கோள் ஓரிடத்தைக் கடப்பது பிற்பகல் 1.30 மணியளவிலும் பின்னிரவு 1.30 மணியளவிலும்தான். அந்த நேரத்தில் மேகமோ அடர்ந்த புகையோ மூடியிருந்தால் கீழே எரிவது அதன் கண்ணில் படாது. நேற்று 200 புள்ளிகள், இன்று 10 என்றால் தீ அணைந்திருக்கலாம். மேகம் மறைத்திருக்கவும் கூடும். எது என்று அறிய, அதே நேரத்து ஹிமாவாரி மேகப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.