வளவில் முளைத்த கிழங்குக்குப் பெயர் என்ன?



மழை விழுந்து சில நாட்களில் வளவு மணலைக் கிளப்பிக்கொண்டு ஒரு முளை தலை காட்டும். ராத்தா கொண்டுவந்து நட்டதா, முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போனதா, யாருக்கும் தெரியாது. கற்பிட்டி, நுரைச்சோலை, சிலாபம் போன்ற கரையோர ஊர்களில் இது வழக்கமான காட்சிதான். குளிர் நாடுகளில் வசந்தம் எழுப்பும் கிழங்குகளை நம் ஊரில் சித்திரை மழையும் ஐப்பசி மழையும் எழுப்புகின்றன.

பெயர் தெரியாத கிழங்கைப் பிடுங்க அவசரப்படாதீர்கள். பூக்கும் வரை பொறுத்திருந்து இலை, பூ இரண்டையும் பாருங்கள்.

புல் போன்ற மெல்லிய இலை, ஒரு தண்டுக்கு ஒரே பூ, ஆறு இதழ்கள் என்றால் அது பெரும்பாலும் மழை லில்லி. அகன்ற நீண்ட இலைகளும், ஒரே தண்டின் உச்சியில் கொத்தாக மணக்கும் வெள்ளைப் பூக்களும் இருந்தால் விஷமூங்கில். சிங்களத்தில் தொலபோ என்பார்கள். இரண்டின் கிழங்கும் வெங்காயம் போலிருக்கும். தின்றால் வாந்தி எடுக்கும். இலையைக் கசக்கிப் பாருங்கள். வெங்காய வாசம் வராவிட்டால் அது வெங்காயமல்ல. பிறகு கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

மிகவும் கவனிக்க வேண்டியது கார்த்திகைப்பூ. சிங்களத்தில் நியங்கலா. இலை நுனி சுருண்டு வேலியைப் பற்றி ஏறும். மஞ்சளும் சிவப்புமான இதழ்கள் தீச்சுடர் போல மேல்நோக்கி வளையும். பூத்திருக்கும்போது யாரும் ஏமாற மாட்டார்கள். கொடி காய்ந்து மறைந்த பின்புதான் ஆபத்து. மண்ணைக் கொத்தும்போது அகப்படும் கிழங்கு வற்றாளங்கிழங்கு போலவே தெரியும். அப்படி நம்பி அவித்துச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் நம் நாட்டில் உண்டு. கலப்பை போல் இரண்டாகப் பிரிந்து வளைந்திருப்பதால் இதற்குக் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர்.

இதிலுள்ள விஷம் கொல்சிசின். அவித்தாலும் போகாது. யூனானி வைத்தியர்கள் மூட்டுவலிக்குக் கொடுக்கும் சூரிஞ்சான் கிழங்கிலும் இதே பொருள்தான் இருக்கிறது. இன்றைய டாக்டர்களும் கவுட் எனும் மூட்டு நோய்க்கு இதை மிகச் சிறிய அளவில் மாத்திரையாகத் தருகிறார்கள். அளவு மிஞ்சினால் மருந்தே நஞ்சாகிவிடும்.

தின்று சில மணி நேரம் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். பிறகு கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். அடுத்த நாட்களில் சிறுநீரகமும் இரத்தமும் பாதிக்கப்படும். ஆகவே, பிள்ளை கடித்துவிட்டதென்று சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வீட்டில் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மிஞ்சிய கிழங்கையும் இலையையும் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையின் தேசிய நச்சுத் தகவல் நிலையத்திடம் டாக்டர்கள் ஆலோசனை கேட்கவும் அது உதவும்.

இதற்காக அழகான பூச்செடிகளை அழிக்க வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கும் ஆடுகளுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். வெங்காயமும் வற்றாளையும் வளரும் பாத்தியில் பூக்கிழங்கு நட வேண்டாம். பழைய யோகட் கோப்பையை நீளமாக வெட்டி, பென்சிலால் பெயரெழுதி அருகில் குத்திவிடுங்கள். பென்சில் எழுத்து வெயிலில் இலேசில் மங்காது.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். பெயர் தெரியாத கிழங்கு எதுவும் உங்கள் அடுப்படிக்குள் வரக்கூடாது.